அரிக்கஞ்சட்டியும் ஆற்றுப் பொன்னும்: தென்னாப்பிரிக்கத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சங்கப் பொறுப்பாளர்களுக்கும், கோவில் குழுக்களுக்கும், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். நான் லெனேசியாவில் முப்பது வருஷத்துக்கு மேல் புவியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். பாடம் நடத்தியதெல்லாம் ஆங்கிலத்தில். தமிழ் என் ஆயாவிடமும், உங்களைப் போன்றவர்கள் நடத்திய சனிக்கிழமை வகுப்பிலும் கற்றது.

போன மாதம் ஒரு தமிழ்ப் பள்ளியின் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பிள்ளைகளை இந்த வருஷம் எங்கே அழைத்துப் போகலாம் என்று பேச்சு வந்தது. பில்கிரிம்ஸ் ரெஸ்ட் போகலாம் என்றேன். "அது வெள்ளைக்காரங்க தங்கம் தோண்டின ஊராச்சே, நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம், டீச்சர்?" என்று ஒரு தம்பி கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு அந்த நேரத்தில் கோர்வையாகப் பதில் வரவில்லை. டர்பன் கடற்கரை என்று முடிவாகி எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அந்தத் தம்பிக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். மற்ற ஊர்களிலும் இதே கேள்வி வரும் என்பதால் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

என் ஆயா வெருலத்தில் பிறந்தவள். கல்யாணமாகி ஜோஹன்னஸ்பர்க் வந்தபோது கையோடு கொண்டுவந்த சாமான்களில் ஒரு அரிக்கஞ்சட்டியும் இருந்தது. இப்போது யார் வீட்டிலும் அதைப் பார்க்க முடிவதில்லை. கடையில் வாங்கும் அரிசியில்தான் கல்லே இல்லையே. அகன்ற வாய் உள்ள மண்சட்டி அது. உட்புறம் சுற்றிலும் வரி வரியாக மேடும் பள்ளமும் இருக்கும். அரிசியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, சட்டியைச் சாய்த்து மெல்ல ஆட்டினால் அரிசி தண்ணீரோடு வழிந்து பக்கத்துப் பாத்திரத்துக்குப் போய்விடும். கல் வரிகளில் மாட்டிக்கொண்டு நின்றுவிடும். கடைசி ஒரு பிடி அரிசி மிஞ்சும்போது ஆயாவின் கை வேகம் குறையும். "இங்கதான் கல்லு இருக்கும், பாரு" என்பாள்.

1873ஆம் ஆண்டு கிழக்கு டிரான்ஸ்வாலின் மலை ஓடை ஒன்றில், இன்று பில்கிரிம்ஸ் ரெஸ்ட் இருக்கும் இடத்தில், நடந்ததும் இதே வேலைதான். ஆயாவுக்கு வழிந்து போனது வேண்டும், அங்கே தங்கம் தேடியவர்களுக்கு அடியில் நின்றது வேண்டும்.

கணக்காகச் சொன்னால் இன்னும் விளங்கும். சுத்தத் தங்கம் தண்ணீரைவிட 19.3 மடங்கு கனம். சாதாரண ஆற்று மணல், அதாவது குவார்ட்ஸ், 2.65 மடங்கு. தண்ணீருக்குள் எல்லாப் பொருளும் கொஞ்சம் இலேசாகும் இல்லையா? அதைக் கழித்துவிட்டால் 18.3க்கு 1.65. ஒரே அளவுள்ள தங்கத் துகளும் மணல் துகளும் ஓடும் நீரில் இருந்தால் தங்கம் பதினோரு மடங்கு அழுத்தமாகத் தரையைத் தேடும். வெள்ளம் மணலை அள்ளிக்கொண்டு ஓடும்போது தங்கம் பாறை இடுக்கில் உட்கார்ந்துவிடும். கருமணலும் அதோடு கூடவே நிற்கும், அதுவும் கனம்தான். மண்ணை அலசுகிறவர் தட்டில் முதலில் கருமணலைத்தான் தேடுவார். அது வந்தால் தங்கம் பக்கத்தில் இருக்கலாம்.

அந்த ஓடைக்கு முதலில் வந்தவர் அலெக் பேட்டர்சன். தன் சாமான் அத்தனையையும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டே திரிந்ததால் அவருக்குத் தள்ளுவண்டி பேட்டர்சன் என்றே பேர். பக்கத்து மாக்மாக் ஓடையில் கூட்டம் அதிகமாகிவிட்டது என்று மலை ஏறி இந்தப் பக்கம் வந்தார். பொன் கிடைத்தது. யாரிடமும் சொல்லவில்லை. பின்னால் வந்த வில்லியம் டிராஃபோர்டுக்கும் கிடைத்தபோது சேதி வெளியே போய்விட்டது. 1873 செப்டம்பர் 22 அன்று அரசு அந்த இடத்தைத் தங்க வயலாக அறிவித்தது. அடுத்த ஜனவரிக்குள் ஏறக்குறைய 1,500 பேர் அங்கே கூடாரம் போட்டிருந்தார்கள். டெலகோவா விரிகுடாவிலிருந்து, இன்றைய மபூட்டோவிலிருந்து, நடந்தே வந்தவர்களும் அதில் உண்டு. வழியில் மலேரியா, வண்டி மாட்டைக் கொல்லும் செட்சி ஈ. எத்தனையோ பேர் ஓடையைப் பார்க்காமலே போனார்கள். யாத்ரீகன் இளைப்பாறும் இடம் என்று அந்த ஊருக்குப் பேர் வைத்தது அதனால்தானோ என்று எனக்குத் தோன்றும்.

வரலாற்றுப் புத்தகங்கள் இங்கேதான் தொடங்கும். எனக்கு அதற்கு முன்னால் நடந்ததுதான் பெரிய கதை. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லாமல் அந்த ஊரைக் காட்டினால் பழைய தகரக் கொட்டகைகளைக் காட்டியது போலத்தான் ஆகும்.

அந்த மலையின் பெரும்பகுதி டோலமைட், சுண்ணாம்புக்கல் மாதிரியான ஒரு பாறை. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் அங்கே ஆழமில்லாத, வெதுவெதுப்பான கடல் இருந்தது. அப்போது மீன் இல்லை, செடி இல்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மட்டும் கடல் தரையில் பாய் பாயாக வளர்ந்தன. ஒரு பாய் மேல் மண் படியும், அதன் மேல் அடுத்த பாய் வளரும். அந்த அடுக்குகள் கல்லாகி ஸ்ட்ரோமடோலைட் என்ற பேரில் இன்றும் இருக்கின்றன. முட்டைக்கோஸைக் குறுக்கே வெட்டினால் தெரியுமே, அந்த மாதிரி வளைவு வளைவாக இருக்கும். போகிற வழியில் சுட்வாலா குகைக்குள் போனால் தலைக்கு மேலேயே அதைப் பார்க்கலாம். நாம் மூச்சு விடும் ஆக்ஸிஜனை முதன்முதலில் உண்டாக்கியது இந்த வகை உயிர்கள்தான். என் வகுப்பில் இந்த இடம் வரும்போது பேசிக்கொண்டிருக்கும் பிள்ளைகள்கூட அமைதியாகிவிடுவார்கள்.

அப்புறம் கிட்டத்தட்ட 205 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் மேற்கே பூமிக்குள்ளிருந்து பாறைக் குழம்பு பெருமளவில் ஏறியது. புஷ்வெல்ட் என்று சொல்கிறோமே, உலகத்துப் பிளாட்டினத்தில் பெரும்பங்கு கிடக்கும் இடம், அது உருவான சமயம். அந்தக் காலத்தை ஒட்டி, சூடான உப்பு நீர் டோலமைட் அடுக்குகளின் இடையே புகுந்தது. குவார்ட்ஸையும் கந்தகம் சேர்ந்த இரும்புக் கனிமங்களையும் அவற்றுக்குள் ஒளிந்த தங்கத்தையும் அங்கே விட்டுப் போனது. புத்தகப் பக்கங்களுக்கு நடுவில் ஜரிகை இழையை வைத்தது போல, பாறை அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய கிடைப் படிவுகள். ரீஃப் என்று சுரங்கக்காரர்கள் சொல்வது இதைத்தான். தீட்டா, பீட்டா என்று கிரேக்க எழுத்துகளை அவற்றுக்குப் பேராக வைத்தார்கள்.

பிறகு பொறுமையான வேலை. நிலம் உயர்ந்தது, ஆறுகள் அதை அறுத்தன. மழைநீர் டோலமைட்டைக் கரைத்து, மாங்கனீஸ் நிறைந்த, கரிபோல் கருத்த மண்ணை மிச்சம் வைத்தது. கந்தகக் கனிமங்கள் துருவாகி உதிர்ந்தன. தங்கம் துருப்பிடிக்காது. அது பூட்டிலிருந்து விடுபட்டு, சரிவில் உருண்டு, ஓடைக்கு வந்து சேர்ந்தது. ஓடையின் தரையோ கரடுமுரடான டோலமைட். வரி வரியாக மேடு பள்ளம். சொல்லத் தேவையில்லை, நீங்களே ஊகித்திருப்பீர்கள். இயற்கை செய்துவைத்த அரிக்கஞ்சட்டி அது.

வளைவின் உட்பக்கம், பெரிய பாறையின் பின்புறம், தரைப் பாறையின் விரிசல், இந்த மூன்று இடங்களில் நீர் வேகம் குறையும். தங்கம் அங்கே நிற்கும். இதைப் பிள்ளைகளுக்குக் கண்ணால் காட்ட வடக்கே கொஞ்ச தூரம் போனால் போதும். ப்ளைட ஆறும் ட்ரியர் ஆறும் கலக்கும் இடத்தில் கூழாங்கல் சுழன்று சுழன்று பாறையில் உரல் உரலாகக் குழி குடைந்திருக்கிறது. போர்க்ஸ் லக் என்று டாம் போர்க் என்ற தோண்டுபவரின் பேரால் அழைக்கிறார்கள். ட்ரியர் என்றால் துக்கம், ப்ளைட என்றால் மகிழ்ச்சி. செத்துப்போனார்கள் என்று நினைத்து அழுத இடம் ஒன்று, உயிரோடு திரும்பி வந்தவர்களைக் கண்ட இடம் மற்றொன்று. டச்சுக் குடியேறிகள் 1840களில் வைத்த பேர்கள்.

தோண்டியவர்களின் கருவிகளும் நமக்குப் புதிதில்லை. அலசும் தட்டு, குழந்தைத் தொட்டில் போல் ஆட்டும் சல்லடைப் பெட்டி, நீண்ட மரக் கால்வாய். கால்வாயின் தரையில் குறுக்கே சட்டம் சட்டமாக அடித்திருப்பார்கள். மண்ணைக் கொட்டி ஓடைத் தண்ணீரைத் திருப்பிவிட்டால் சட்டங்களுக்குப் பின்னால் தங்கம் தங்கும். ஆயாவின் சட்டியில் வட்டமாக இருந்த வரிகள் இங்கே நேர்க்கோட்டில் இருந்தன. மாவு போன்ற தங்கத்தைப் பிடிக்கப் பாதரசம் சேர்ப்பது தங்கம் எடுப்பவர்களின் பழைய வழி. தங்கம் அதோடு ஒட்டிக்கொள்ளும், சூடாக்கினால் பாதரசம் ஆவியாகிப் போகும். அந்த ஆவி விஷம். உலகில் பல ஆறுகளில் இன்றும் இது நடக்கிறது. பிள்ளைகளுக்கு இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஓடையில் சுலபமாகக் கிடைத்த பொன் சில வருஷங்களில் குறைந்துபோனது. மலைக்குள் இருக்கும் ரீஃபைத் தோண்ட வெடிமருந்தும் பாறை இடிக்கும் ஆலையும் வேண்டும், அதற்குப் பெரிய முதல் வேண்டும். 1881இல் டேவிட் பெஞ்சமின் என்ற லண்டன்காரர் உரிமை வாங்கினார், தட்டோடு வந்தவர்கள் ஈட்டுத்தொகை வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். 1890களில் கம்பெனிகள் ஒன்றாகிப் பெரிய சுரங்கமாயிற்று. அது 1970களின் தொடக்கம் வரை ஓடியது. 1986இல் ஊரே தேசிய நினைவுச் சின்னமாயிற்று. தட்டு பிடித்த வெள்ளையர்களின் பேர்களும் பட்டப்பேர்களும் நமக்குத் தெரிகின்றன. கூலிக்கு அவர்களின் மண்ணைச் சுமந்து, பின்னால் சுரங்கத்துக்குள் இறங்கிய ஆப்பிரிக்கத் தொழிலாளர்களின் பேர்கள் பெரும்பாலும் எங்கும் எழுதப்படவில்லை.

சரி, இதில் நாம் எங்கே வருகிறோம்?

அந்தத் தங்கத்தில் 1874இல் டிரான்ஸ்வால் குடியரசின் தலைவர் பர்கர்ஸ் நாணயம் அடிக்கச் சொன்னார். இங்கிலாந்தில் பர்மிங்காம் ஆலையில் அச்சடித்து வந்தவை 837. டிரான்ஸ்வாலின் முதல் நாணயம் அதுதான். அதற்குப் பிறகு வந்தது க்ரூகர் பவுன். என் ஆயாவின் சங்கிலியில் அதில் ஒன்று தொங்கியது. 1898 என்று வருஷம் பொறித்தது. நம் வீடுகளில் பலருக்கும் அப்படி ஒன்று இருந்திருக்கும். பவுன் என்ற அளவுச் சொல்லே அந்த மாதிரி நாணயத்திலிருந்து வந்ததுதான்.

அதே 1898இல் டிரான்ஸ்வால் அரசு ஒரு தங்கச் சட்டம் போட்டது. வெள்ளையர் அல்லாதவர் தங்கம் தோண்டும் உரிமம் வைத்திருக்கக் கூடாது, வெள்ளையரிடம் வேலையாளாக மட்டும் இருக்கலாம் என்றது அது. நிலம் வாங்கும் உரிமையை ஆசியர்களிடமிருந்து 1885ஆம் ஆண்டின் 3ஆம் சட்டம் ஏற்கனவே பறித்திருந்தது. 1908இல் வந்த தங்கச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், தங்க நிலமாக அறிவித்த இடத்தில் வெள்ளையர் அல்லாதவர் குடியிருப்பதையே தடுத்தது. ஒதுக்கிவிட்ட பகுதிகளும் வேலையாள் குடியிருப்பும்தான் விலக்கு. யோசித்துப் பாருங்கள், ஜோஹன்னஸ்பர்க் நகரமே தங்க நிலத்தின் மேல்தான் இருக்கிறது. காய்கறிக் கூடை சுமந்தவரும் துணி வெளுத்தவரும் எங்கே படுத்துத் தூங்கலாம் என்பதை அடியில் இருந்த தங்கம் தீர்மானித்தது. இனத்துக்கு ஒரு பகுதி என்று குடியிருப்பைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டத்தில் எங்கள் குடும்பத்தை நகரத்திலிருந்து பெயர்த்து லெனேசியாவில் கொண்டுவந்து போட்டதற்கு வேர் அங்கேயே இருக்கிறது.

நாம் வருஷா வருஷம் மாலை போட்டு வணங்கும் தில்லையாடி வள்ளியம்மை பிறந்ததும் 1898இல், அதே ஜோஹன்னஸ்பர்கில். சிறைக்குப் போய், காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தாள். பதினாறு வயது. அவளை நினைவுகூரும் நாளில் தங்கச் சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஜோஹன்னஸ்பர்கின் தங்கமும் ஆற்றுப் பொன்தான் என்பது பலருக்குத் தெரியாது. 1886இல் லாங்லாக்டெ பண்ணையில் கிடைத்தது கூழாங்கற்கள் இறுகிய பாறை. பாதாம் பதித்த மிட்டாய் போல இருந்ததால் டச்சுக்காரர்கள் அதை பாங்கெட் என்றார்கள். பெரும்பாலான புவியியலாளர்கள் ஏற்கும் விளக்கம் இது: 280, 290 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் ஆறுகள் அடித்துவந்து கொட்டிய சரளையும் பொன்னும் புதைந்து, அழுந்தி, கல்லாகிவிட்டன. அந்தச் சரளைக்குள் உருண்டு தேய்ந்த பைரைட் மணிகள், அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமத்தின் மணிகள், இருக்கின்றன. பைரைட் இன்றைய காற்றில் ஆற்றோடு உருண்டால் சீக்கிரமே துருவாகிவிடும். அன்று துருவாகவில்லை என்றால் காற்றில் ஆக்ஸிஜன் கிட்டத்தட்ட இல்லை என்று அர்த்தம். நம் வீட்டு மாடியிலிருந்து தெரியும் மஞ்சள் மண்மேடுகள் அத்தனையும் அந்த ஆற்றுச் சரளையை அரைத்துக் கொட்டியதுதான். இன்று அதைத் தேடிக் கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் ஆழம் வரை போகிறார்கள். பில்கிரிம்ஸ் ரெஸ்ட் ஓடையில் முழங்கால் ஆழத்தில் கையால் தொட்டுப் புரிந்துகொள்ளலாம். பிள்ளைகளை முதலில் அங்கே அழைத்துப் போக வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இந்த நாட்டில் பொன்னின் கதை வெள்ளையர்களோடு தொடங்கவும் இல்லை. லிம்போபோ ஆற்றங்கரையில் மாபுங்குப்வே மலைமேல் 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அரச குடும்பத்தார், மரத்தில் செதுக்கிய காண்டாமிருகத்தின்மேல் பொன் தகடு போர்த்தினார்கள். அதே மலையில் இந்தியப் பெருங்கடல் வணிகத்தில் வந்த கண்ணாடி மணிகளும் கிடைத்திருக்கின்றன. நம் முன்னோர் 1860இல் ட்ரூரோ கப்பலில் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்தப் பொன்னுக்கும் அந்தக் கடலுக்கும் போக்குவரத்து இருந்தது.

தமிழ் வகுப்புக்கு இதில் இன்னொரு லாபம். இதற்கான சொற்கள் நம்மிடம் தயாராக இருக்கின்றன. அரித்தல், கொழித்தல், புடைத்தல், களைதல். ஒவ்வொன்றும் வேறு வேறு கையசைவு. ஆங்கிலத்தில் நான் பத்து வரி சொல்லிப் புரியவைத்ததை ஆயா ஒரு வினைச்சொல்லில் சொல்லிவிடுவாள். தட்டார் தெருச் சாக்கடை மண்ணை அலசிப் பொன் துகள் எடுத்தவருக்கு அரிப்புக்காரர் என்று தனிப் பேரே இருந்தது. காவிரிக்குப் பொன்னி என்று பேர். பொன்னில் நால்வகை சொன்னவர்கள் ஒன்றுக்குச் சாம்பூநதம் என்று ஆற்றின் பேரையே வைத்தார்கள். முறத்தைப் பார்த்தே இராத நம் பிள்ளைகளுக்கு இந்தச் சொற்களைக் கரும்பலகையில் எழுதினால் நிற்காது. ஓடையில் கையை நனைத்தால் நிற்கும்.

அதனால் என் வேண்டுகோள் இதுதான். ஜூலைப் பள்ளி விடுமுறையில் இரண்டு நாள் ஒதுக்குங்கள். அது மழையில்லாத காலம், ஓடையில் தண்ணீர் குறைவாக இருக்கும், தரைப் பாறை நன்றாகத் தெரியும். காலையில் குளிர் கடுமை, ஸ்வெட்டர் அவசியம். ஜோஹன்னஸ்பர்கிலிருந்து பஸ்ஸில் ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பழைய தோண்டுமிடம் ஒன்றை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், மண் அலசுவதை அங்கே செய்து காட்டுவார்கள். முன்கூட்டியே கேட்டுவைப்பது நல்லது. மேட்டிலுள்ள கல்லறைத் தோட்டத்தில் எல்லாக் கல்லறைகளும் ஒரு திசை பார்க்க, ஒன்று மட்டும் குறுக்கே கிடக்கும். திருடனின் கல்லறை என்று எழுதியிருக்கும். பிள்ளைகள் அதைக் கேட்காமல் விடமாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. கைவிட்ட சுரங்க வாய்களுக்குப் பக்கத்தில் யாரையும் விடாதீர்கள். அவை இடியும். வயிற்றுப் பிழைப்புக்காக அனுமதியில்லாமல் தோண்டும் ஸாமா ஸாமாக்கள் உள்ளே இருக்கவும் கூடும். ஓடையில் ஒரு துகள் மின்னினாலும் அங்கேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள், சுத்திகரிக்காத தங்கத்தை அனுமதியின்றி வைத்திருப்பது இன்றும் குற்றம்.

போவதற்கு முன் இரண்டு சனிக்கிழமைகளில் பாடத்தை எடுக்க நான் வருகிறேன், எந்த ஊரானாலும் சரி. அரிசியும் பொடிக்கல்லும் ஒரு வாளித் தண்ணீரும் நீங்கள் எடுத்து வையுங்கள். சட்டி என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியை
லெனேசியா